குழாயில் தண்ணீர் நூலாக வருகிறதா? அறிகுறியை வைத்துப் பிழையைப் பிடிக்கும் வழி

ஸ்பேனரைத் தேடுவதற்கு முன் ஒரு 10 லிட்டர் வாளியை எடுங்கள். கைபேசியில் நொடிக் கடிகாரத்தைத் திறந்துகொள்ளுங்கள். மேல்தொட்டி நிறைந்திருக்கும் நேரமாகப் பார்த்து, மற்ற குழாய்களை எல்லாம் மூடிவிட்டு, ஒவ்வொரு குழாயாக முழுவதும் திறந்து, வாளி நிறைய எத்தனை வினாடி ஆகிறது என்று ஒரு தாளில் குறியுங்கள். சமையலறை, வாஷ்பேசின், குளியலறையின் கீழ்க்குழாய், ஷவர், கழிப்பறை, கொல்லைப்புறம் என எதையும் விட வேண்டாம். வாயில் சல்லடை இல்லாத சாதாரண அரை அங்குலக் குழாய் ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் அந்த வாளியை நிறைக்க வேண்டும். ஒன்றரை நிமிடம் ஆனாலும் நான் குறை சொல்ல மாட்டேன். இரண்டரை நிமிடத்தைத் தாண்டினால் எங்கோ ஏதோ தடுக்கிறது.

"தண்ணீர் வேகமாக வரவில்லை" என்ற ஒரே புகாருக்குப் பின்னால் எட்டு ஒன்பது வெவ்வேறு பிழைகள் இருக்கலாம். எந்தக் குழாயில், எப்போதிலிருந்து, எந்த நேரத்தில் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை இருந்தால் பாதி வேலை முடிந்துவிடும். விடை இல்லாமல் கடைக்குப் போனால் கடைக்காரர் பம்ப்பைக் காட்டுவார்.

எனக்கும் அதுதான் நடந்தது. தாம்பரம் பக்கத்தில் எங்கள் வீடு, தரைத்தளமும் முதல் மாடியுமாக அப்பா 1994இல் கட்டியது. ஒரு சித்திரை மாதத்தில் இரண்டு தளங்களிலும் தண்ணீர் திடீரென்று நூலாக இளைத்துவிட்டது. விசாரிக்கப் போன இடத்தில் பிரஷர் பம்ப் ஒன்றே தீர்வு என்றார்கள். முன்பணம் கொடுப்பதற்கு முதல் நாள், வீடு கட்டும்போது குழாய் பதித்த அண்ணனைக் கூப்பிட்டு ஒருமுறை பார்க்கச் சொன்னேன். அவர் குழாய் எதையும் திறந்து பார்க்கவில்லை. நேராக மொட்டை மாடிக்கு ஏறினார். இருபது நிமிடத்தில் இறங்கி வந்து, உள்ளங்கையை விரித்து ஒரு பித்தளைத் துண்டைக் காட்டினார். அந்தத் துண்டைப் பற்றிக் கீழே உரிய இடத்தில் சொல்கிறேன். அன்று பம்ப் வாங்கி மாட்டியிருந்தால், அடைபட்ட வழியில் தண்ணீர் கிடைக்காமல் அது வறண்டு ஓடிக் கெட்டிருக்கும்.

நம் வீடுகளில் குழாய்க்கு அழுத்தம் எங்கிருந்து வருகிறது என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அது மேல்தொட்டியின் உயரம் தருவது, வேறெதுவும் இல்லை. 10 மீட்டர் உயரத் தண்ணீர் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம் கொடுக்கும். தொட்டி 500 லிட்டரா 2,000 லிட்டரா, அதன் வயிறு எவ்வளவு அகலம் என்பதெல்லாம் கணக்கில் வராது. தண்ணீர் மட்டம் குழாயைவிட எத்தனை அடி மேலே இருக்கிறது என்பது மட்டுமே கணக்கு. தொட்டி நிறைந்திருக்கும்வரை அந்த உயரம் ஒரே நாளில் குறைவதில்லை. ஆகவே நேற்று நன்றாக வந்த தண்ணீர் இன்று குறைந்தால் அழுத்தம் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். வழியில் அடைப்பு விழுந்திருக்கிறது, அல்லது தண்ணீர் வேறெங்கோ போகிறது.

ஒரே ஒரு குழாயில் மட்டும் குறைவு

இதுதான் மிக அதிகமாகக் காண்பது, மிக எளிதில் தீர்வதும் இதுதான். பக்கத்துக் குழாயில் நன்றாக வருகிறது, இதில் மட்டும் இல்லை என்றால் பிழை அந்தக் குழாயின் கடைசி ஓரடிக்குள் இருக்கிறது.

சிங்க், வாஷ்பேசின் குழாய்களின் வாயில் ஒரு சிறு வளையம் இருக்கும். துணியைச் சுற்றிக் கையால் திருகினாலே பெரும்பாலும் கழன்றுவிடும். அதற்குள் இருக்கும் வட்டச் சல்லடையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஆழ்துளைக் கிணற்று நீர் வரும் வீடென்றால் கண்ணிகள் பாதிக்கு மேல் வெள்ளையாக அடைத்திருக்கும். நடுவில் இரண்டு மணல் பரல்கள், ஒரு சிறு பிளாஸ்டிக் சீவல், ஒரு நூல் டெஃப்லான் டேப்கூடக் கிடைக்கும். ஒரு கிண்ணத்தில் எலுமிச்சைச் சாறோ வினிகரோ ஊற்றி இதைப் போட்டால் சற்று நேரத்தில் அந்த வெள்ளைப் படிவின் மேல் பொடிப்பொடியாகக் குமிழி கிளம்பும். அந்தப் படிவு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். புளிப்பு அதைக் கரைக்கிறது. ஒரு மணி நேரம் ஊறட்டும். பழைய பல் துலக்கியால் தேய்த்து, மிச்சமிருக்கும் கண்ணிகளை ஊசியால் குத்தி எடுத்துவிட்டு மாட்டுங்கள். இரவு முழுதும் ஊறவிட்டால் பளபளப்புப் பூச்சு மங்கிவிடும்.

ஷவருக்கும் இதே வைத்தியம்தான். கழற்ற முடியாத ஷவரென்றால், வினிகர் ஊற்றிய பிளாஸ்டிக் பையை அதன் முகத்தில் தோய்கிற மாதிரி கட்டித் தொங்கவிடலாம். கழிப்பறை கழுவும் ஆசிட்டை இந்த வேலைக்கு எடுக்கவே வேண்டாம். பூச்சு உரியும், பித்தளை அரிக்கும். அதைவிட முக்கியமானது, அந்த ஆசிட் பிளீச்சிங் பவுடரோடு கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். கதவு மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து.

சல்லடை சுத்தமாக இருந்தும் வரத்து இல்லையென்றால், பேசினுக்கு அடியில் சுவரிலிருந்து கிளம்பும் ஆங்கிள் வால்வைப் பாருங்கள். வீட்டைத் துடைக்கும்போது யாரோ இடித்துப் பாதி மூடியிருப்பார்கள். அது முழுக்கத் திறந்திருந்தால், அதை மூடிவிட்டு, மேலே போகும் வளையும் இணைப்புக் குழாயைக் கழற்றி வாளிக்குள் விட்டு வால்வைத் திறவுங்கள். வாளியில் பாய்ந்து விழுந்தால் பிழை குழாயின் தலையில். அங்கேயும் நூலாக வந்தால் பிழை வால்விலோ இணைப்புக் குழாயிலோ இருக்கிறது. இந்த இணைப்புக் குழாய்களின் வெளியே எஃகுப் பின்னல் மின்னும். உள்ளே இருக்கும் ரப்பர் சில ஆண்டுகளில் உப்பி வழியை மூடிவிடுவதுண்டு. வெளியிலிருந்து எதுவும் தெரியாது. புதியது வாங்கி மாட்டுவதே வழி.

திருகிப் பிடிக்கும் பழைய வகைக் குழாயில் வாஷர் கழன்று உள்ளேயே விழுந்து துளையை மறைக்கும். கைப்பிடியை எவ்வளவு திருகினாலும் வரத்து மாறாமல் இருப்பது அதன் அடையாளம். துணி துவைக்கும் இயந்திரம் தண்ணீர் பிடிக்க வழக்கத்தைவிட நேரம் எடுத்தால், அதன் பின்னால் குழாய் மாட்டும் இடத்தில் விரல்நகம் அளவு சல்லடை ஒன்று இருக்கும், அதைக் கழுவுங்கள்.

கொர கொரவென்று சத்தம், திக்கித் திக்கி வருகிறது, பிறகு நின்றேவிடுகிறது

தொட்டி ஒருமுறை முற்றிலும் காலியாகி, மீண்டும் நிரப்பிய பிறகு இது நடந்திருந்தால் குழாயில் காற்று அடைத்திருக்கிறது. மின்சாரம் நீண்ட நேரம் போன நாளின் மறுநாளும், தொட்டியைக் கழுவிய நாளிலும் இதைப் பார்க்கலாம். தொட்டியிலிருந்து இறங்கும் பைப் எங்காவது மேடேறி இறங்கினால், கைப்பிடிச் சுவரைத் தாண்டவோ வாசல் நிலையைச் சுற்றவோ வளைத்திருந்தால், அந்த மேட்டில் காற்று தங்கிவிடும். தொட்டியின் உயரம் குறைவென்பதால் அந்தக் காற்றைத் தள்ளிவிடும் வலு தண்ணீருக்கு இருப்பதில்லை.

முதலில் தொட்டியை விளிம்பு வரை நிரப்புங்கள். வீட்டிலேயே மிகத் தாழ்ந்த குழாயை, வழக்கமாகக் கொல்லைப்புறக் குழாயை, முழுக்கத் திறந்து பத்துப் பதினைந்து நிமிடம் விடுங்கள். பல வீடுகளில் இதுவே போதும்.

போதவில்லை என்றால் ஒரு துண்டு ஹோஸ் எடுத்து, நன்றாக வரும் குழாயையும் வராத குழாயையும் இணையுங்கள். இரு முனையிலும் கிளிப் போட்டு இறுக்குங்கள். முதலில் வராத குழாயைத் திறந்து வைத்துவிட்டு, பிறகு நன்றாக வரும் குழாயைத் திறவுங்கள். தண்ணீர் பின்னோக்கி ஏறி, காற்றைத் தொட்டிக்கே தள்ளும். மாடியில் ஒருவரை நிறுத்தினால் தொட்டிக்குள் குபு குபுவென்று சத்தம் கேட்டதும் குரல் கொடுப்பார். ஒரு நிமிடம் கழித்து இரண்டையும் மூடி ஹோஸைக் கழற்றுங்கள். வென்னீரும் தண்ணீரும் ஒரே வாயில் வரும் மிக்ஸர் குழாயில், வென்னீர்ப் பக்கம் மட்டும் அடைத்திருந்தால் ஹோஸ்கூட வேண்டாம்; இரு பக்கமும் திறந்துகொண்டு வாயை உள்ளங்கையால் இறுக்கி அழுத்தினால் தண்ணீர் வென்னீர்ப் பைப்புக்குள் திரும்பும். அப்போது கெய்சர் அணைந்திருக்க வேண்டும், உள்ளே கொதிநீர் இருக்கக்கூடாது. தெருவிலிருந்து வரும் குடிநீர் இணைப்போடு மட்டும் இந்த ஹோஸ் வேலை வேண்டாம். நம் தொட்டித் தண்ணீர் பொதுக்குழாய்க்குள் திரும்பினால் அது ஊருக்கே கெடுதி.

மாதத்துக்கு ஒருமுறை இதே தொல்லை வந்தால், தொட்டியிலிருந்து வெளியேறியதும் வால்வைத் தாண்டி டீ எனப்படும் மூவழி இணைப்பு ஒன்றைப் போட்டு, அரை அங்குல பைப் ஒன்றைத் தொட்டியின் உச்சிக்கு மேல் உயர்த்தி நிறுத்தச் சொல்லுங்கள். ஏர் வெண்ட் என்று கேட்டால் எந்தக் குழாய்ப் பணியாளருக்கும் புரியும். அதன் வாயில் கொசுவலைத் துண்டு கட்டுங்கள், மூடிவிடாதீர்கள்.

வீடு முழுவதும் ஒரே நாளில் குறைந்துவிட்டது

இப்போது மாடிக்குப் போகலாம். தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இருந்தால், அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். தண்ணீர் வெளியேறும் துளை தரையிலிருந்து ஓரிரு அங்குலம் மேலே இருக்கும். சேறு அந்த உயரத்தைத் தொட்டுவிட்டால் துளைக்குள் சரியத் தொடங்கும். இரும்புச் சத்துள்ள கிணற்று நீரில் அந்தச் சேறு செங்காவி நிறத்தில் குழைவாக இருக்கும். மூடி விலகிய தொட்டிகளில் வேப்பிலைச் சருகு, பாசி, சில நேரம் தவளையையும் நான் பார்த்திருக்கிறேன். கையை விட்டுத் துழாவினால் அடைப்பு வந்துவிடும், ஆனால் சேற்றைக் கலக்கிவிட்டால் அது கீழே இறங்கி எல்லாச் சல்லடைகளையும் அடைக்கும். வெளியேறும் வால்வை மூடிவிட்டு, அடிச்சேற்றை வாளியால் அள்ளி எடுத்த பிறகே வால்வைத் திறக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தொட்டி கழுவுகிற வீட்டில் இந்த அறிகுறி வருவதில்லை.

கொசுவுக்குப் பயந்து மூடியைப் பிளாஸ்டிக் தாளால் இறுகச் சுற்றி, வழிந்தோடும் குழாயின் வாயையும் அடைத்துவிடும் வீடுகள் உண்டு. காற்று உள்ளே போக வழியில்லாவிட்டால் தண்ணீர் வெளியே வரத் தயங்கும். மூடியைத் திறந்ததும் கீழே வரத்து கூடுகிறதென்றால் காரணம் அதுதான். அங்கே கொசுவலை போடுங்கள்.

அடுத்தது வால்வு. நீளக் கைப்பிடி உள்ள பால் வால்வு என்றால் பார்த்தாலே தெரியும்: கைப்பிடி பைப்போடு சேர்ந்து நீளவாக்கில் இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது. வட்டக் கைப்பிடி கொண்ட கேட் வால்வு அப்படியல்ல; அது கண்ணுக்குத் திறந்திருப்பதாகக் காட்டி உள்ளே மூடியிருக்கலாம்.

எங்கள் வீட்டு அண்ணன் உள்ளங்கையில் காட்டிய துண்டு அதுதான். கேட் வால்வுக்குள் ஒரு பித்தளைத் தகடு, கதவு போல ஏறி இறங்கும். அதன் தலையில் ஒரு காது; அந்தக் காதைத்தான் கைப்பிடியின் தண்டு பிடித்துத் தூக்குகிறது. உப்புத் தண்ணீர் இருபது ஆண்டுகளில் அந்தக் காதைத் தின்றுவிட்டிருந்தது. விளிம்பு ரம்பப் பல்லாக இருந்தது, பித்தளை மஞ்சள் போய்ச் செம்புச் சிவப்பாக மாறியிருந்தது, நகத்தால் கீறினால் உதிர்ந்தது. தொட்டி கழுவுவதற்காக மூடி, பிறகு திறந்தபோது தண்டு மட்டும் ஏறியிருக்கிறது. தகடு கழன்று கீழேயே உட்கார்ந்துவிட்டது. ஓரத்து இடுக்கில் கசிந்த தண்ணீரைத்தான் நாங்கள் ஒரு வாரமாகக் குளிக்கவும் குடிக்கவும் பயன்படுத்தியிருக்கிறோம்.

"கைப்பிடி கடைசி வரைக்கும் போய் முட்டுகிறதா என்று பாருங்கள் தம்பி," என்றார். "முட்டாமல் சும்மா சுற்றிக்கொண்டே இருந்தால் உள்ளே தகடு போய்விட்டது என்று அர்த்தம்."

முட்டினாலும் சந்தேகம் தீரவில்லை என்றால், வால்வை மூடி, அதற்கு அடுத்து இருக்கும் யூனியனை, அதாவது பைப்பை வெட்டாமல் பிரிக்க உதவும் இணைப்பை, பைப் ரெஞ்சால் தளர்த்திக் கழற்றுங்கள். அடியில் வாளியைப் பிடித்து வால்வை முழுக்கத் திறவுங்கள். ஓர் அங்குல பைப்பில் 10 லிட்டர் வாளி 15 வினாடிக்குள் நிறைய வேண்டும். நிறைந்தால் தொட்டியும் வால்வும் சரி, பிழை கீழே போகும் வழியில். நிறையாவிட்டால் கீழே எதையும் தொட வேண்டாம். கேட் வால்வை எடுத்துவிட்டு, முழுத் துளை கொண்ட பால் வால்வு போடச் சொல்லுங்கள். கால் திருப்பில் திறக்கும், மூடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரண்டு தடவை மூடித் திறந்தால் உப்புப் பிடித்து இறுகாது.

வால்வும் சரி என்றால் கசிவைத் தேடுங்கள். இரவு எல்லாக் குழாய்களையும் மூடி, மோட்டார் ஓடாதபடி பார்த்து, தொட்டியின் உட்பக்கத்தில் தண்ணீர் மட்டத்தைக் கரியால் கோடிடுங்கள். காலையில் மட்டம் இறங்கியிருந்தால் எங்கோ ஒழுகுகிறது. முதல் சந்தேகம் கழிப்பறை ஃப்ளஷ் தொட்டியின் மேல் வரட்டும். அதில் ஒரு கரண்டி மஞ்சள் தூளைக் கரைத்துவிட்டு அரை மணி நேரம் யாரும் பயன்படுத்தாமல் விடுங்கள். கீழே கோப்பையில் மஞ்சள் தெரிந்தால் உள்ளே இருக்கும் ரப்பர் மூடி சரியாக அமரவில்லை. பிறகு, வண்ணம் உப்பிய சுவர், எப்போதும் ஈரமாக இருக்கும் டைல்ஸ் இடுக்கு, பாசி பிடித்த வெளிச்சுவர் ஆகியவற்றைப் பாருங்கள்.

ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்லக் குறைந்தது

"முன்பெல்லாம் நன்றாக வரும்" என்று பெரியவர்கள் சொன்னால் அதை நம்புங்கள். 1990களிலும் அதற்கு முன்னும் கட்டிய வீடுகளில் சுவருக்குள் இருப்பது பெரும்பாலும் ஜி.ஐ. பைப். அதன் துத்தநாகப் பூச்சு போனதும் இரும்பு துருப்பிடிக்கும். துரு வெளிப்பக்கம் உதிர்வதுபோல உள்ளே உதிர்வதில்லை. முண்டு முண்டாக வளரும். எங்கள் முதல் மாடிக் குளியலறையில் வெட்டியெடுத்த ஓரடித் துண்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. உட்பக்கம் சேனைக்கிழங்கின் தோல் போலக் கரடுமுரடாக, நடுவில் ஒரு பென்சில் நுழையும் அளவே வழி. வெளியே பார்த்தால் அது வெறும் அரை அங்குல பைப்.

விட்டம் பாதியாகக் குறைந்தால் தண்ணீரும் பாதியாகக் குறையும் என்றுதான் நாம் நினைக்கிறோம். அப்படியல்ல. அதே உயரத்தில், அதே நீளத்தில், விட்டம் பாதியானால் வரத்து ஏறக்குறைய ஆறில் ஒரு பங்காகிவிடும். துரு சொரசொரப்பு அதையும் குறைக்கும். ஆகவேதான் பல ஆண்டுகள் தெரியாமலே இருந்துவிட்டு, கடைசி இரண்டு ஆண்டுகளில் சட்டென்று சரிந்ததுபோலத் தோன்றுகிறது.

காலையில் முதலில் திறக்கும்போது தண்ணீர் சில வினாடி செந்நிறமாக வந்து பிறகு தெளிந்தால் அது துருப்பிடித்த பைப்பின் அடையாளம். பிளாஸ்டிக் பைப்பில் துரு இல்லை, ஆனால் சுண்ணாம்புப் படிவு அங்கேயும் உண்டு, சற்று மெதுவாக. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 10500 தரப்படி குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் இருக்கலாம். வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை ஏற்கலாம். உங்கள் கிணற்று நீர் 600ஐத் தொடுகிறதென்றால் ஷவரும் கெய்சரும் அடைப்பது வியப்பல்ல. ஒருமுறை பரிசோதனைக்குக் கொடுத்துத் தெரிந்துகொள்வது நல்லது.

துருப்பிடித்த பைப்புக்குள் ஆசிட் விட்டுச் சுத்தம் செய்யலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பல இடங்களில் அந்தத் துருதான் ஓட்டையை அடைத்துக்கொண்டு நிற்கிறது. அது கரைந்தால் சுவருக்குள் ஒழுகும். பழையதை அப்படியே சுவரில் விட்டுவிட்டு, வெளிச்சுவரில் புதிய பைப் இறக்கி, குளியலறைக்குள் துளையிட்டுக் கொண்டுவருவதே செலவு குறைந்த வழி. டைல்ஸ் முழுவதையும் உடைக்க வேண்டாம். வென்னீருக்கு சி.பி.வி.சி. போன்ற சூடு தாங்கும் பைப்பே போட வேண்டும், சாதாரண பி.வி.சி. சூட்டில் தளர்ந்துவிடும். வெயில் படும் இடத்தில் பைப்புக்கு வண்ணம் பூசிவிடுங்கள்.

ஒருவர் குளிக்கும்போது இன்னொருவர் திறந்தால் ஷவர் நின்றுவிடுகிறது

அடைப்பு இல்லை, வழி போதவில்லை. தொட்டியிலிருந்து ஒரே முக்கால் அங்குல பைப் இறங்கி, அதிலிருந்தே இரண்டு குளியலறை, சமையலறை, கொல்லைப்புறம் என்று எல்லாம் பிரிந்திருக்கும். பிறகு கட்டிய மாடிக் குளியலறையையும் அதே பைப்பில் ஒட்டியிருப்பார்கள். தொட்டியில் இன்னொரு துளை போட்டு, தொல்லை தரும் குளியலறைக்குத் தனியாக ஓர் அங்குல பைப் இறக்கினால் அன்றே தீரும். இறங்கும் வழியில் எல்போ எத்தனை குறைகிறதோ அத்தனை நல்லது. பணியாளர் சட்டென்று திரும்பும் எல்போவை எடுத்தால், மெதுவாக வளையும் பெண்ட் கிடைக்குமா என்று கேளுங்கள்.

வென்னீர் மட்டும் குறைவு

கெய்சரைச் சுவிட்சில் அணைத்தால் போதாது, மின்பெட்டியில் அதற்குரிய எம்.சி.பி. சுவிட்சையும் இறக்குங்கள். ஆறவிடுங்கள். உள்ளே தண்ணீர் போகும் வால்வை மூடி, இணைப்புக் குழாயைக் கழற்றி வாளியில் விட்டுச் சோதியுங்கள். ரப்பர் உப்பியிருக்கலாம், கெய்சரின் நுழைவாயிலில், தண்ணீரை ஒரே திசையில் மட்டும் விடும் 'நான் ரிட்டர்ன்' வால்வில் சுண்ணாம்பு பிடித்திருக்கலாம். உள்ளே படிவு என்றால் தண்ணீர் சூடேறவும் வழக்கத்தைவிட நேரமாகும், அவ்வப்போது சடசடவென்று சத்தம் கேட்கும். அப்போது அதைப் பிரித்துச் சுத்தம் செய்யத் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். சொட்டுகிறது என்பதற்காகப் பாதுகாப்பு வால்வை ஒருபோதும் அடைக்காதீர்கள். மிஞ்சிய அழுத்தம் வெளியேற இருக்கும் ஒரே வழி அது.

குழாய் சரி, மேல்தொட்டிதான் நிறைய மாட்டேன் என்கிறது

மோட்டார் ஓடும் சத்தம் கேட்கிறது, தொட்டிக்குள் தண்ணீர் மெல்லிய கோடாக விழுகிறது. தரைமேல் மோட்டார் வைத்து உறிஞ்சும் வகை என்றால், கொள்கைப்படியே 10 மீட்டருக்குச் சற்று மேல்தான் தண்ணீரை இழுக்க முடியும். நடைமுறையில் 7 மீட்டர், அதாவது ஏறக்குறைய 23 அடி. கோடையில் கிணற்று மட்டம் அதற்குக் கீழே போனால் மோட்டாரில் எந்தப் பழுதும் இல்லாமலேயே தண்ணீர் நின்றுவிடும். கயிற்றில் கல் கட்டி இறக்கி மட்டத்தை அளந்து பாருங்கள்.

மட்டம் சரியாக இருந்தால், உறிஞ்சும் பைப்பின் அடிமுனையில் தண்ணீர் திரும்ப இறங்காமல் பிடிக்கும் ஃபுட் வால்வைச் சந்தேகியுங்கள். ஒவ்வொரு தடவையும் மோட்டாருக்குத் தண்ணீர் ஊற்றினால்தான் எடுக்கிறது என்றால் அது பிடிக்கவில்லை. உறிஞ்சும் பைப்பின் மரைகளில் காற்று உறிஞ்சினாலும் இதே நிலைதான். சோப்பு நுரையைப் பூசினால், அது உள்ளே இழுபடும் இடம் ஓட்டை. நீர்மூழ்கி மோட்டார் திணறினால் மின்னழுத்தத்தையும் கெப்பாசிட்டரையும் மின்பணியாளர் பார்க்கட்டும். தண்ணீரில்லாமல் அதை ஓடவிட்டுப் பார்க்கக் கூடாது. காற்றை அழுத்தித் தண்ணீரை மேலேற்றும் கம்ப்ரசர் மோட்டார் உள்ள வீட்டில் தண்ணீர் காற்றோடு பீறிப் பீறி விழுவது அதன் இயல்பு. அதைப் பிழை என்று நினைத்துச் செலவு செய்ய வேண்டாம்.

தெருக் குழாயிலிருந்து சம்புக்கு வரும் நீர் குறைந்தால், சம்பின் மிதவை வால்வைப் பாருங்கள், மணல் அடைத்திருக்கலாம். அதைக் கழற்றியும் வரவில்லை என்றால் உள்ளாட்சி அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். தெருக் குழாயில் நேரடியாக மோட்டாரை மாட்டி உறிஞ்சாதீர்கள். அது விதிகளுக்குப் புறம்பானது என்பதோடு, உறிஞ்சும்போது பொதுக்குழாய்க்குள் அழுத்தம் வெளியே இருப்பதைவிடக் குறைகிறது. எந்த விரிசலுக்கு அருகே சாக்கடை ஓடினாலும் அது உள்ளே இழுபடும். அந்தத் தண்ணீர் உங்கள் சம்புக்கு மட்டும் வராது. குழாயின் கடைசியில், மோட்டார் வாங்க வசதியில்லாத வீட்டுக் குழந்தையின் டம்ளருக்கும் போகும். இதைப் பார்த்தும் பாராமல் இருக்கும் தெருக்கள் எத்தனையோ. எனக்கு ஆறவில்லை.

மேல்மாடியில் மட்டும், வீடு கட்டிய நாளிலிருந்தே

இது ஒன்றுதான் உண்மையான அழுத்தக் குறைவு. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கூரை 10 அடி. அதன்மேல் 3 அடி மேடையில் தொட்டி. அடித்துளை தரையிலிருந்து 13 அடி. ஷவர் 7 அடியில். மிஞ்சுவது 6 அடி, அதாவது 0.18 கிலோ அழுத்தம். கீழ்த்தளத்து ஷவருக்கு இன்னொரு 10 அடி சேர்ந்து ஏறக்குறைய 0.5 கிலோ கிடைக்கிறது. இப்போது விற்கும் அகன்ற மழை ஷவர்களின் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள், குறைந்தது 0.5 அல்லது 1 பார் (ஒரு பார் என்பது ஏறக்குறைய ஒரு கிலோ அழுத்தம்) வேண்டும் என்று பலவற்றில் அச்சிட்டிருக்கும். 0.18இல் அது சொட்டத்தான் செய்யும். ஷவர் மேல் பழி இல்லை.

முதலில் செலவில்லாத வழி: தொட்டியை நிறைந்தே வைத்திருங்கள். 4 அடி உயரத் தொட்டி நிறைந்திருந்தால் அந்த 6 அடி 10 அடியாகிறது. கீழ்வீட்டில் தெரியாத வேறுபாடு மேல்மாடியில் நன்றாகத் தெரியும். மாலையில் ஒருமுறை மட்டும் மோட்டார் போடும் பழக்கத்தை மாற்றி விடியற்காலையிலும் போட்டால், குளிக்கும் நேரத்தில் தொட்டி நிறைந்திருக்கும். அகன்ற ஷவரை மாற்றிச் சிறிய முகமும் குறைந்த துளைகளும் கொண்டதைப் போடலாம். தொட்டியை உயர்த்தலாம், ஆனால் 1,000 லிட்டர் தண்ணீர் ஒரு டன் எடை. செங்கல் அடுக்கி ஏற்றிவிடாமல் பொறியாளரைக் கேட்டு, தூண் இருக்கும் இடத்தின் மேல் வையுங்கள்.

இத்தனைக்கும் பிறகு போதவில்லை என்றால் அப்போது பம்ப் வாங்கலாம். தொட்டியிலிருந்து வெளியேறும் இடத்தில், வால்வுக்கு அடுத்து அதை அமைக்க வேண்டும். குழாயைத் திறந்தால் தானே ஓடி, மூடினால் தானே நிற்கும் வகையாக இருக்கட்டும்; தொட்டி காலியானால் நின்றுவிடும் பாதுகாப்பும் வேண்டும். மழை படாத கூடும் எர்த் இணைப்பும் கட்டாயம். வீட்டில் ஒரு துண்டு பழைய ஜி.ஐ. பைப் மிச்சமிருந்தாலும் அதை மாற்றிய பிறகே பம்ப்பை ஓட்டுங்கள். புதிய அழுத்தத்தில் அதன் மரைகள் விட்டுப்போகும். பம்ப்பைச் சுற்றிக்கொண்டு ஒரு மாற்று வழியும் நான் ரிட்டர்ன் வால்வும் போடச் சொல்லுங்கள். மின்சாரம் போன நேரத்திலும் தொட்டியின் உயரத்தில் வரும் தண்ணீராவது குழாய்க்கு வர வேண்டும்.